கணக்கு வராத சாதி என்று ஒன்று கிடையாது

"அவங்களுக்குக் கணக்கு வராது சார்." கல்லூரி ஆசிரியர் அறைகளில் இந்த வாசகம் காதில் விழாமல் பட்டம் வாங்கிய தலித் மாணவர் அபூர்வம். வேதியியல் துறைகளில் இதற்குத் தனி வடிவமே உண்டு. "ஆர்கானிக், இனார்கானிக் எல்லாம் எப்படியோ மனப்பாடம் பண்ணி ஒப்பேத்திடுவாங்க. பிசிக்கல் கெமிஸ்ட்ரி வந்தா மாட்டிக்குவாங்க." சொல்பவர் "அவங்க" யார் என்று விளக்குவதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. இருவருக்கும் தெரியும்.

மாட்டிக்கொள்வது உண்மைதான். அரியர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் முதல் தலைமுறையாக வந்த நம் பிள்ளைகள் பிஎஸ்சி வேதியியலில் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? வெப்ப இயக்கவியலில், வினைவேகவியலில், குவாண்டம் வேதியியலில். மூன்றும் கணிதத்தின் மேல் நிற்கிற பாடங்கள். விழுவதை நாங்கள் மறுக்கவில்லை. பள்ளத்தை வெட்டியவர்கள் கரையில் நின்றுகொண்டு விழுந்தவர்களின் மூளையை எடைபோடுவதைத்தான் எதிர்க்கிறோம்.

பள்ளம் வெட்டப்படுவது பதினோராம் வகுப்பு வாசலில். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது. மதிப்பெண் பட்டியலோடு வரிசையில் நிற்கிறது. கணிதம் உள்ள குரூப் யாருக்கு, கணிதம் இல்லாத குரூப் யாருக்கு என்று அங்கேதான் பிரிக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் தாவரவியல், விலங்கியல் குரூப். மதிப்பெண் இருந்தாலும், "கணக்கு உனக்குக் கஷ்டம்மா, பயாலஜி எடு, நர்ஸ் ஆகலாம்" என்ற அன்பான அறிவுரை. பல ஊர்களில் அறிவுரைக்கே வேலையில்லை. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும், அல்லது அந்த குரூப்பே இருக்காது. பேருந்து ஏறி நகரத்துப் பள்ளிக்குப் போக வசதியுள்ளவன் போகிறான். கூலிக்காரரின் மகள் இருக்கிற குரூப்பில் சேர்கிறாள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வகை நுண்கணிதம் தொடங்குவது பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில். அந்தப் புத்தகம் கைக்கு வராத பிள்ளைக்கு வகையிடலும் தொகையிடலும் முறையாகச் சொல்லித்தரப்படுவதே இல்லை. ஆனால் பல கல்லூரிகளில் பிஎஸ்சி வேதியியலில் சேர கணிதமோ உயிரியலோ படித்திருந்தால் போதும். அந்த விதி நல்ல விதி, அதை எடுக்கச் சொல்ல மாட்டோம். கதவைத் திறந்துவிட்டு உள்ளே படிக்கட்டு வைக்காமல் போன அயோக்கியத்தனத்தைத்தான் கேட்கிறோம். இடஒதுக்கீட்டில் சீட் கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள், அந்தக் கணக்கில் இரண்டு வருடக் கணிதம் பாக்கி இருப்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பாடத்தைப் பிடுங்கிக்கொண்டு பிறகு தகுதியைச் சோதிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் பள்ளியில் படித்தபோது அவருக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. அதே பம்பாய் எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் நடந்த இன்னொன்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும்படி ஆசிரியர் அவரைக் கூப்பிடுகிறார். உடனே சாதி இந்து மாணவர்கள் பலகையை நோக்கி ஓடுகிறார்கள். எதற்கு? பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடாமல் எடுத்து வைக்க. கணக்கை அந்த மாணவர் போடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. பலகைக்குப் பக்கத்தில் அவர் வருவதுதான் பிரச்சினை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று பாத்திரத்தை யாரும் நகர்த்துவதில்லை, பலகையையே நகர்த்திவிட்டார்கள்.

சரி, அந்தப் பிள்ளை கல்லூரிக்குள் வந்துவிட்டது. முதல் வெப்ப இயக்கவியல் வகுப்பில் என்ன நடக்கிறது? ஆசிரியர் பலகையில் பகுதி வகைக்கெழு ஒன்றை எழுதுகிறார். அடைப்புக்குறி, அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய எழுத்து. அந்தச் சிறிய எழுத்து எதைச் சொல்கிறது என்று விளக்க அவருக்கு நேரமில்லை. "இது மேத்ஸ்ல வரும்" என்கிறார். துணைப்பாடமான அல்லைட் மேத்ஸ் வகுப்பில் அந்த எழுத்தையே காணோம். கணித ஆசிரியர் கீழ் எழுத்து போடாமல்தான் பகுதி வகைக்கெழு எழுதுவார். அவர் பாடத்தில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதில் குழப்பம் வராது. வெப்ப இயக்கவியலில் வரும். வாயுவின் என்ட்ரோபி வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று கேட்டால், கனஅளவை நிறுத்திவைத்தா, அழுத்தத்தை நிறுத்திவைத்தா என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்தச் சின்ன எழுத்தில்தான் பாதி வெப்ப இயக்கவியல் இருக்கிறது. இரண்டு துறைகளும் ஒரே வராந்தாவில் இருக்கின்றன. நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அந்த எழுத்தைச் சொல்லித்தர யாருமில்லை.

அல்லைட் மேத்ஸ் பாடத்திட்டத்தின் யோக்கியதை தனிக் கதை. பல இடங்களில் அது வேதியியலை நினைத்து எழுதப்பட்டதே அல்ல. லாப்லாஸ் உருமாற்றம் இருக்கும், ஃபூரியர் தொடர் இருக்கும், இடைச்செருகல் சூத்திரங்கள் இருக்கும். வினைவேகவியலுக்கு முதல் வாரத்திலேயே வேண்டிய எளிய வகைக்கெழுச் சமன்பாடு அடுத்த பருவத்தில் வரும். பசித்தவனுக்கு இலை போட்டு, ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டு, சோறு அடுத்த மாதம் என்கிற பந்தி இது.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு மடக்கை தெரியும், அட்டவணை பார்த்து விடை எழுதியிருக்கிறது. கல்லூரியில் "லாக்" என்கிறார்கள். அணிக்கோவை என்றால் விரித்துக் காட்டும், "டிடெர்மினன்ட்" என்றால் முழிக்கும். தெரிந்த பொருளுக்கே தெரியாதவன் பட்டம் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்கிறது. கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். தப்பாகக் கேட்டால் சிரிப்பார்கள். இன்டர்னல் மார்க் போடும் கை அந்த ஆசிரியருடையது. ஆகவே அது கேட்பதில்லை. கேட்காததையும் "இன்ட்ரெஸ்ட் இல்ல" என்று எழுதிக்கொள்கிறார்கள்.

பிறகு பிள்ளைக்கு என்னதான் வழி? மனப்பாடம். பத்து மார்க் டெரிவேஷனை வரி வரியாக, பாட்டுப் போல உருப்போடுகிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் முழுதும் போச்சு. ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வருகிறது என்று தெரிந்தவனுக்கு மறந்த வரியைத் திரும்ப எழுதிக்கொள்ள முடியும், தெரியாதவனுக்கு முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். இதற்கு வைக்கும் பெயர் மெரிட்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் படித்து வருகிறோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறோம்: பட்டப்படிப்பு அளவுக்குப் பிசிக்கல் கெமிஸ்ட்ரி கேட்கும் கணிதம் கடல் அல்ல. அடுக்கு, மடக்கை. வரைபடத்தின் சாய்வு. வகையிடல், தொகையிடல். பகுதி வகைக்கெழு. முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. சிறிய அணிகளும் அணிக்கோவையும். கொஞ்சம் கலப்பெண், கொஞ்சம் நிகழ்தகவு. இவ்வளவுதான். எத்திலீன் மூலக்கூறுக்கு ஹூக்கல் முறையில் ஆற்றல் மட்டம் கண்டுபிடிப்பதைப் பெரிய மந்திரமாகக் காட்டுவார்கள். அது 2-க்கு 2 அணிக்கோவை. விரித்தால் பத்தாம் வகுப்பில் போட்ட இருபடிச் சமன்பாடு வந்து நிற்கும்.

கணிதம் நமக்கு அந்நியம் என்பதும் பொய். கந்துவட்டி தெரியாத சேரி எது? நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. கட்டாத வட்டி முதலோடு சேரும். 10,000 ரூபாய் வாங்கினால் பன்னிரண்டு மாதத்தில் கடன் 31,384 ரூபாய். ஏழு மாதம் கடந்த சில நாட்களில் கடன் இரட்டிப்பாகிவிடும். வாங்கியது 10,000 ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும் இரட்டிப்பாகிற காலம் ஒன்றுதான். ஏனென்றால் கடன் வளரும் வேகம் அன்றைக்கு இருக்கிற கடனைப் பொறுத்தது. இதைத் தலைகீழாகத் திருப்புங்கள். முதல் வகை வினையில் பொருள் கரையும் வேகம் அன்றைக்கு மீதமிருக்கிற பொருளைப் பொறுத்தது. ஆகவே பாதியாகிற காலம் ஆரம்ப அளவைப் பொறுத்ததல்ல. 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் வருவது அந்தக் காலம். 0.693 எங்கிருந்து வந்தது? அது 2-இன் இயல் மடக்கை. வருடத்துக்கு நூற்றுக்கு நூறு வட்டி என்று வைத்து, அதை வருடத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1 ரூபாய் 2 ஆகும். மாதம்தோறும் சேர்த்தால் 2.61. தினமும் சேர்த்தால் 2.71. ஒவ்வொரு நொடியும், அதற்குள்ளும் சேர்த்துக்கொண்டே போனால் 2.718-இல் போய் நிற்கும். பாடப்புத்தகம் விளக்கமில்லாமல் தலையில் போடுகிற அந்த எண் இதுதான். மீட்டர் வட்டிக்காரன் வாசலில் நின்று கத்துவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது விளங்காது என்று எவன் சொன்னது?

இன்னொன்று. வெப்பமும் வேலையும் வழியைப் பொறுத்தவை, அகஆற்றல் வழியைப் பொறுத்ததல்ல என்பார்கள். வகையீட்டில் அது சரியானது, இது சரியற்றது என்று இரண்டு பெயர் வைத்துக் குழப்புவார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எந்தப் பாதையில் ஏறினாலும் ஏறிய உயரம் ஒன்று. நடந்த தூரமும் செலவழிந்த பெட்ரோலும் பாதைக்குப் பாதை வேறு. இதைச் சொன்னவுடன் எங்கள் வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அப்ப இதை ஏன்ணா ரெண்டு வருஷமா யாருமே சொல்லல?" அந்தக் கேள்வியைத் துறைத்தலைவர்களுக்கு அப்படியே அனுப்பிவைக்கிறோம்.

நம் தரப்பிலும் ஒரு குரல் உண்டு. நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு என்று எத்தனையோ கிடக்கும்போது வகைக்கெழுவுக்கு என்ன அவசரம் என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களை மலக்குழியின் விளிம்புக்கு அழைக்கிறோம்.

மலக்குழியில் ஆளைக் கொல்வதில் முதன்மையானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவு நீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று வாயுவாக வெளியேறக்கூடியது. மற்றொன்று அயனி, நீரிலேயே தங்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச். 7-இல் ஏறக்குறையப் பாதிப் பாதி. 8-இல் வாயு வடிவம் நூற்றுக்கு ஒன்பது பங்கு. 6-க்கு இறங்கினால் தொண்ணூற்றொன்று. பிஹெச் என்பது மடக்கை அளவு. ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. அடைப்பெடுக்க ஒருவர் அமிலத்தை ஊற்றும்போது நடப்பது இந்தக் கணக்கு. குச்சியால் கலக்கும்போது கரைந்திருந்த வாயு ஒரே மூச்சில் மேலே வருகிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு சேர்ந்தாலே மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போகும். நாற்றம் இல்லை, ஆபத்தில்லை என்று இறங்குகிறார்கள். 700-ஐத் தாண்டினால் சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் விழுவார்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை. குழிக்குள் இறங்குவது யார் என்று நாட்டுக்கே தெரியும். அந்த வாயுவின் சமநிலையைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். "விஷவாயு தாக்கி" என்று பத்திரிகையில் ஒரு வரி வருகிறதே, அந்த வரிக்குள் யார் அலட்சியம் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் எண்ணை வைத்துப் பேச நம்மில் ஆள் வேண்டாமா? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் டிரம் பக்கத்தில் அமிலத்திலும் குரோமிலும் கை வைத்து நிற்பவர்களில் நம்மவர் எத்தனை பேர்! தோல் பதமாவதும் பிஹெச் கணக்குதான், நிலத்தடி நீர் கெடுவதும் அதே கணக்குதான். வேலை நமக்கு, சமன்பாடு அவர்களுக்கு என்ற பங்கீட்டுக்கு எந்த மனுவும் தனியாக ஸ்லோகம் எழுத வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பு குரூப் பட்டியலே போதும்.

ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்கள் இந்தக் கணிதத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு மேகநாத சாஹாவைப் பாருங்கள். டாக்கா பக்கம் ஒரு கிராமத்தில் சிறுகடைக்காரர் மகன். கல்கத்தாவில் படித்தபோது விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு பந்தியில் உட்கார மறுத்தார்கள். அவர் படித்தது பயன்பாட்டுக் கணிதம். 1920-இல் சூரியனின் நிறமண்டலத்தைப் பற்றி எழுதியபோது, அங்கே கால்சியம் அணு எலக்ட்ரானை இழப்பதை ஒரு வேதிவினைச் சமநிலையாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். குடுவையில் நடக்கும் சமநிலைக்கு எழுதிய வெப்ப இயக்கவியல் நட்சத்திரத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார். நட்சத்திரங்களின் நிறமாலையை உலகம் வாசிக்கக் கற்றது அந்தச் சமன்பாட்டால். தன் பந்தியில் இடம் தராதவர்களுக்கும் சேர்த்துத்தான் அவர் வானத்தைப் படித்துச் சொன்னார்.

பட்டத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. ஐஐடிகளில் எம்எஸ்சி சேர எழுதும் ஜாம் தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்தில் சார்பு, பெரும மதிப்பு, சிறும மதிப்பு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, அணி, நிகழ்தகவு என்று கணிதம் தனியாகவே இருக்கிறது. உயிரியல் குரூப்பில் தள்ளப்பட்ட பிள்ளை அங்கேயே கழற்றிவிடப்படுகிறது. தாண்டி உள்ளே போனவர்கள் கதை? 2008 பிப்ரவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட செந்தில்குமார் சேலம் மாவட்டத்துக்காரர், தலித், இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். பாடத்தாளில் தோல்வி, உதவித்தொகை நிறுத்தம், ஒதுக்கப்படாத வழிகாட்டி என்று அந்தச் சாவுக்குப் பிறகு வெளியே வந்தவை எல்லாம் நமக்குப் பழக்கமான சொற்கள். ஒரு தாளில் தவறுவது சாதி இந்து மாணவனுக்கு அரியர். நம் பிள்ளைக்கு அது குலத்தின் மேல் எழுதப்படும் தீர்ப்பு.

கற்றுத்தந்தால் வரும் என்பது அரசுக்கே தெரியும். ஐஐடிகளில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு ஒரு வருட ஆயத்த வகுப்பு நெடுங்காலமாக இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியலை ஒரு வருடம் சொல்லிக்கொடுத்து முதலாண்டில் சேர்க்கிறார்கள். அங்கே முடிவது மாவட்டத் தலைநகரத்து அரசு கல்லூரியில் ஏன் முடியாது? செலவு என்ன? ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஒரு பருவம்.

எங்கள் கோரிக்கைகளை எளிமையாகவே வைக்கிறோம்.

ஒன்று: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட எல்லா அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் கணித குரூப் வேண்டும், முதுகலைக் கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கக் கூடாது. கணிதம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை மதிப்பெண்ணைக் காட்டி விரட்டக் கூடாது.

இரண்டு: கணிதம் படிக்காமல் வேதியியலில் சேரும் மாணவருக்கு முதல் பருவத்திலேயே மதிப்பெண்ணோடு கூடிய முழுமையான கணிதத் தாள் வேண்டும். "ஸ்லோ லேனர்" என்று பெயர் வைத்து மாலை ஐந்து மணிக்கு மேல் நடத்தும் தண்டனை வகுப்பு வேண்டாம். கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பு இருந்தும் இல்லாததுதான்.

மூன்று: அல்லைட் மேத்ஸ் பாடத்திட்டத்தை வேதியியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். வேதியியலில் எந்த வாரம் எது வேண்டுமோ, அதற்கு முந்தைய வாரம் கணித வகுப்பில் அது முடிந்திருக்க வேண்டும்.

நான்கு: தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அருகருகே உள்ள கையேடு சேர்க்கை அன்றே கையில் வேண்டும். கேள்வியைத் தமிழில் கேட்கும் உரிமை வகுப்பில் வேண்டும்.

ஐந்து: ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை நேரக் கணித ஆசிரியர் வேண்டும். விடுதி என்பது சோறும் பாயும் மட்டும் கொடுக்கும் இடமல்ல.

இவை கிடைக்கும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. தம்பி, தங்கைகளே, பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள், தமிழ் வழிப் புத்தகமே போதும். மடக்கையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சார்புக்கும் கையால் வரைபடம் போடுங்கள், சாய்வு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். டெரிவேஷனில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது முந்தைய வரியிலிருந்து ஏன் வந்தது என்று தமிழில் எழுதுங்கள். எழுத முடியாத வரிதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. தனியாகப் படிக்காதீர்கள், நாலு பேர் சேருங்கள். முதலில் விளங்கியவர் அடுத்தவருக்குச் சொல்லுங்கள். பட்டம் வாங்கிய அண்ணன், அக்காமார்கள் ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலனி சமுதாயக் கூடத்தில் கழியுங்கள். சிலைக்கு மாலை போடுகிற அதே கையால் ஒரு கரும்பலகையும் வாங்கி வையுங்கள்.

அடுத்த முறை ஆசிரியர் அறையில் எவராவது "அவங்களுக்குக் கணக்கு வராது" என்றால் அங்கிருக்கும் நம்மவர்கள் சும்மா இருக்க வேண்டாம். "எந்த வருஷம், எந்த வகுப்பில், யார் அவங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். அந்தப் பதில்களைத் தொகுத்துக்கொண்டு உயர்கல்வித் துறையின் கதவைத் தட்ட நாங்கள் வருகிறோம்.

ஜெய்பீம்!